காவிரி புகும் பட்டினம்

குடகு மலையிலே தலைக்காவிரி என்னுமிடத்துத் தோன்றிக் கருநாடக நாட்டைக் கடந்து வரும் காவிரிப் பேரியாறு, தருமபுரி மாவட்டத்துப் பென்னாகரத்தை அடுத்த ஒகேனக்கல்லிலே பாறைகளினூடு பல கிளையாகப் பிரிந்து வீழ்ந்து தமிழகத்தினுட் புகுகின்றது. ஆண்டு அதன்மேற் செல்லுங் கலம் பரிசல் ஒன்றே. மூங்கிலைப் பிளந்து வட்டமாக முடைந்து, முற்காலத்தே தோலாற் பொதிந்து, ஒற்றைத் துடுப்பால் ஓட்டப்பட்டது அது. அதியமான் நெடுமான் அஞ்சி ஆண்ட தகடூரே இன்றைத் தருமபுரி. அந்நாட்டிற்குக் கடற்கரை இல்லை. ஆயினும், அந்நாட்டு மலைகளையும் காடுகளையும் கீழைக்கடலோடு பிணித்த வழி ஒன்று உண்டு, அது காவிரியே. மதயானையின் மருப்பையும் மயிலின் தோகையையும் வாரிக்கொண்டு வந்து பொன்னியானது கடலை அடையும் இடம் என்று திருச்சாய்க்காட்டைத் திருஞானசம்பந்த சுவாமிகள் பாடியருளினார்கள். பென்னாகரத்துக் காடுகளிலே யானைகள் இன்றும் உலவுகின்றன. சுவாமிகளது திருவாக்கு வெறும் அணியன்று. மலைநாட்டுப் பொருளைத் துறைமுகத்திற் சேர்த்த ஓர் ஆற்றின் தொழிலையே அது குறிப்பதாகும்.

அத்துறைமுகந்தான் புகார் எனவும், பூம்புகார் எனவும், காவிரிப்பூம்பட்டினம் எனவும் வழங்கிய பேரூர். சீர்காழிக்குத் தென்கிழக்கே, 2020-ஆம் ஆண்டு டிசம்பரில் அமைந்த மயிலாடுதுறை மாவட்டத்திலே அஃது இருக்கின்றது. இன்று அதனைக் காணச் செல்பவர் ஒரு சிற்றூரையே காண்பர். பரதவர் குடியிருப்புக்களும், மணலில் ஏற்றிய படகுகளும், கரைகாக்கக் குவித்த கருங்கற்களும், மீன்பிடித் துறைமுகமும், 1973-இல் எழுப்பப்பட்ட சிலப்பதிகாரக் கலைக்கூடமும் ஆண்டு உள்ளன. ஆறு கடலொடு கூடும் சங்கமத்தின் அழகு மட்டும் குறைந்ததில்லை. ஆயினும் ஆறோ, ஓர் ஓடை என்னும் அளவிற் சுருங்கியுளது. கோடைக் காலத்தில் அதன் வாயை மணல் அடைத்து நிற்பதும் உண்டு. இவ்வாயிலின் வழியேதான் பெருங்கலங்கள் வந்தன என்றால், கண்டோர் நம்புதல் அரிது.

வந்தது உண்மை. சங்கப் புலவர் ஒருவர், புகாரினுட் புகும் பெருங்கலங்கள் பாய்களைக் களையாமலும், சரக்கை இறக்கிப் பாரத்தைக் குறையாமலும் நேரே ஆற்றினுள் வந்தன என்று புறநானூற்றின் 30-ஆம் பாட்டிலே கூறிச் சென்றார். புகழ்ச்சியாகக் கூறப்படும் செய்தி மிகையாதல் உண்டு. வேறொன்றைக் கூறுமிடத்து இடையிலே வந்து விழும் செய்தி பெரும்பாலும் மிகையாதல் இல்லை. ஆதலின், அக்காலத்தே காவிரியின் வாய் பாரமேற்றிய கடற்கலத்தைத் தாங்கும் ஆழம் உடையதாயிருந்தது எனக் கொள்ளலாம். கடியலூர் உருத்திரங்கண்ணனார் கரிகாற் சோழனைப் பாடிய பட்டினப்பாலை 301 அடிகளை உடையது. கடல்வழி வந்த குதிரையும், நிலவழி வந்த மிளகும், மேலை மலையின் சந்தனமும் அகிலும், தென்கடல் முத்தும், கீழ்கடற் பவளமும், கங்கையின் பொருளும், காவிரியின் பொருளும், ஈழத்து உணவும், காழகத்து ஆக்கமும் அந்நகரத்து மறுகிலே குவிந்து கிடந்தமையை அந்நூல் வகுத்துரைக்கின்றது. சுங்கம் கொள்ளும் அரசியலார் மூட்டைகளின்மேற் சோழரது புலிப்பொறியை இட்டனர். உள்நாட்டிலே உப்பை விற்று நெல்லை ஏற்றி மீண்ட படகுகளும் ஆண்டு நின்றன. கி.பி. 2-ஆம் நூற்றாண்டில் தாலமி என்னும் பூகோள நூலார் இந்நகரைக் 'கபேரிசு' என்று குறித்து, அஃதொரு வாணிகத்துறை என்றார். அவருக்கு முன்னர்ச் செங்கடற் செலவைப் பற்றி எழுதிய கிரேக்க மாலுமி கூறும் 'கமரா' என்பதும் இதுவேயென அறிஞர் பலர் கருதுவர்.

இத்துணைப் பெரிய நகரம் எங்ஙனம் மறைந்தது? இவ்வினாவிற்குப் பலரும் கூறும் விடை ஒன்றே. சோழ மன்னனொருவன் தன் மகனைக் காணாது தேடிய துயரத்தால் இந்திரவிழாவை மறந்தான். மணிமேகலா தெய்வம் வெகுண்டது. கடல் எழுந்து ஊரைக் கொண்டது. இது மணிமேகலை கூறுவது. காப்பியத்தின் கதைப்போக்கிற்கு அஃது ஏற்புடையதே. ஆயின், பிற்காலத்தார் பலர் காப்பியத்தின் ஒரு நிகழ்ச்சியை அவ்வாறே சரித்திரமாகக் கொண்டு, 'அன்றோடு புகார் அழிந்தது. எஞ்சியது கடலும் மணலுமே' என்று எழுதி வருகின்றனர். இக்கூற்றுப் பொருந்தாமையைச் சைவத் திருமுறைகளே காட்டும். அச்சான்றினைப் பலரும் பாராது விட்டமை வியப்பே.

அச்சான்று யாதோவெனின், திருஞானசம்பந்த சுவாமிகள் வாழ்ந்தது கி.பி. 7-ஆம் நூற்றாண்டு. அவர்கள் தோன்றிய சீர்காழியோ, புகாருக்கு ஒருநாள் நடையிற் சென்று மீளும் அணிமையது. அவர்கள் இப்பட்டினத்துள் இரண்டு திருக்கோயில்களைப் பாடினார்கள். ஒன்று பல்லவனீச்சரம்; மற்றொன்று திருச்சாய்க்காடு. ஒவ்வொன்றிற்கும் இரண்டு திருப்பதிகங்கள் உள. பல்லவனீச்சரத்தைப் பாடுமிடத்து அது காவிரிப்பூம்பட்டினத்தில் உள்ளதெனவும், சாய்க்காட்டைப் பாடுமிடத்து அது தண்ணிய புகாரில் உள்ளதெனவும் ஊர்ப்பெயரோடு சார்த்தியே பாடினார்கள். திருநாவுக்கரசு சுவாமிகளும் சாய்க்காட்டைப் பாடியுள்ளார்கள். முன்னே கடலால் விழுங்கப்பட்டு அழிந்துபோன நகர் ஒன்றை, அதற்கு அயலூரிற் பிறந்து அதனைக் கண்ணாற் கண்ட ஒருவர், அழிந்ததென்னும் குறிப்பேயின்றிப் பட்டினம் என்று அழைப்பரோ? மேலும், பல்லவனீச்சரம் என்னும் பெயரே ஒரு சான்றாம். 6-ஆம் நூற்றாண்டின் இறுதியில் சிம்மவிட்டுணுவின் காலத்தே பல்லவர் ஆட்சி காவிரி நாடு வரை பரவியது. பல்லவர் பெயரால் ஒரு கோயில் விளங்கியதெனின், அரசர் பெயரைத் தாங்கத் தகுந்த ஊராக அஃது அப்பொழுதும் இருந்தமை பெறப்படும்.

பௌத்தர் நூல்களும் இதற்குத் துணை செய்கின்றன. 5-ஆம் நூற்றாண்டினராகிய புத்ததத்த தேரர் என்னும் சோழநாட்டு ஆசிரியர், காவிரிப்பட்டினத்து விகாரம் ஒன்றில் இருந்து பாலி மொழியிலே நூல் இயற்றினார். அவ்வூரில் செல்வரும் மாளிகைகளும் தோட்டங்களும் நிறைந்திருந்ததாக அவர் கூறுகின்றார். பல்லவனீச்சரத்தை அடுத்த மேலையூரிலே பின்னாளில் நிலத்தை அகழ்ந்தபொழுது செங்கல்லாற் கட்டிய பௌத்த விகாரமும், சிறிய செப்புப் புத்த படிமமும், பாதபீடிகையும் வெளிப்பட்டன. சிவன் கோயிலின் அயலிலே பௌத்தப் பள்ளியும் விளங்கிய ஊர் அது; பல நாட்டாரும் பல சமயத்தாரும் கலந்து வாழும் துறைமுகத்திற்கு இஃது இயல்பே.

நிற்க. மத்திய அரசின் தொல்லியல் துறையினர் 1962-ஆம் ஆண்டு முதல் இவ்வட்டாரத்தை அகழ்ந்து ஆராய்ந்தனர். கீழையூர் என்னுமிடத்தே செங்கல்லாற் கட்டிய படகுத்துறை ஒன்று கிடைத்தது. கலங்களைப் பிணித்தற்கு நாட்டிய மரத்தூண்களின் அடியும் உடன் இருந்தது. அம்மரத்தைக் கரியணுச் சோதனையால் ஆராய்ந்து, ஏறத்தாழக் கி.மு. 3-ஆம் நூற்றாண்டினது என்றனர். வானகிரியிலே நீரைத் தேக்கி வழங்கும் செங்கற் கட்டடம் ஒன்று வெளிப்பட்டது. இவற்றுட் கீழையூர்த் துறையே பெரிதும் சிந்திக்கற்பாலது. அது கடலுள் இல்லை. இன்று நிலத்திலே, கரைக்கு உள்ளே இருக்கின்றது. கலம் நின்ற இடத்தில் இப்பொழுது வயல். ஆகவே, துறைமுகத்தின் ஒரு பகுதியைக் கொண்டது கடலன்று; ஆறு கொணர்ந்த வண்டலே அதனைத் தூர்த்தது. கடல் ஒன்றும் கொள்ளவில்லை என்பதும் பொருந்தாது. கரையோரத்து அலைவாயிலே செங்கற் கட்டடங்களும் உறைகிணறுகளும் காணப்படுகின்றன. கோவாவிலுள்ள தேசியக் கடலியல் நிறுவனத்தார் நீரில் மூழ்கி ஆராய்ந்து, பலவற்றைக் குறித்துள்ளனர். கரைக்கு அப்பால் ஏறத்தாழ 23 மீட்டர் ஆழத்திலே இலாடம் போன்ற வடிவில் ஒன்று இருத்தலையும் அவர்கள் கண்டனர். அதனைக் கொண்டு இந்நகர் பதினோராயிரம் ஆண்டுப் பழமையது என்று மேனாட்டார் சிலர் ஆரவாரித்தனர். அவ்வாழத்திலிருந்து காலத்தைக் காட்டும் பானையோடோ, காசோ, பிறிதொரு பொருளோ அக்கூற்றிற்கு ஆதாரமாகக் காட்டப்படவில்லை. தாய்மொழியின் பெருமைக்கு இத்தகைய துணை வேண்டப்படுவதன்று.

கடல் நிலத்தைக் கொள்ளும் முறையை அறிதற்குத் தெற்கேயுள்ள தரங்கம்பாடியைப் பார்த்தல் போதும். ஆண்டு மாறவர்மன் குலசேகர பாண்டியன் காலத்தே, 1306-இல் எழுந்த மாசிலாமணிநாதர் திருக்கோயிலின் பெரும்பகுதியை அலைகள் சிறிது சிறிதாகக் கொண்டுபோயின. 1620-இல் அவ்வூரிலே கோட்டை கட்டிய டேனியர் வரைந்த படங்களோடு இன்றைக் கரையை ஒப்பிட்டு, ஏறத்தாழ 300 ஆண்டுகளில் 300 மீட்டர் அளவு கடல் உள்ளே வந்திருத்தல் கூடும் என ஆய்வாளர் கணக்கிட்டனர். ஓராண்டிற்கு ஒரு மீட்டர். ஒருவன் தன் வாழ்நாளில் ஒரு தெருவையும், அவன் பேரன் இன்னொரு தெருவையும் இழப்பதற்கு இது போதியது. பாக்கங்களும் நாளங்காடியும் இங்ஙனமே போயிருத்தல் வேண்டும்.

'ஒரே நாளிற் கடல் பொங்குதல் இல்லையோ?' என்று ஒருவர் கடாவலாம். உண்டு. 2004-ஆம் ஆண்டு டிசம்பர் 26-ஆம் நாட் காலையில் அதனைத் தமிழகம் கண்டது. அந்நாளில் புகாரையும் உள்ளடக்கியிருந்த நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் 6,000-க்கு மேற்பட்டோர் மாண்டனர். அத்தகைய பேரலை ஒன்று பண்டை நாளிலும் புகாரைத் தாக்கியிருக்கலாம். மணிமேகலையின் கதைக்கு அந்நினைவே வித்தாயிருத்தலுங் கூடும். ஆயின் ஆழிப்பேரலை வந்து மீளும்; ஊரார் இறந்தோரை அடக்கி, வலைகளைத் தேடியெடுத்து, மீண்டும் கடலிற் செல்வர். 2004-க்குப் பின்னர் நிகழ்ந்தது அதுவே. ஓர் அலையால் ஒரு துறைமுகம் நிலையாக ஒழிதல் இல்லை. கலங்கள் வாராமையாலேயே அஃது ஒழியும்.

கலங்கள் வாராமைக்குக் காரணம் ஆற்றின் மெலிவு. திருச்சிராப்பள்ளிக்கு மேற்கே முக்கொம்பிலே காவிரியினின்றும் கொள்ளிடம் பிரிகின்றது. கொள்ளிடத்தின் படுகை தாழ்ந்தது. காவிரியின் படுகையோ வண்டலால் உயர்வது. ஆகவே வெள்ளநீர் வரவரக் கொள்ளிடத்தையே நாடும். 1836-இல் ஆர்தர் காட்டன் மேலணையைக் கட்டியது இக்குறையைத் தடுத்தற்பொருட்டே. காவிரியில் எஞ்சிய நீரும் கல்லணையிற் பங்கிடப்பட்டு, வெண்ணாறு, குடமுருட்டி, அரிசிலாறு, வீரசோழன் எனப் பிரிந்து வயல்களுக்கே செல்கின்றது. சோழவளநாடு சோறுடைத்து ஆனதன் விலை, ஆற்றின் வாயிலிருந்த துறைமுகம். 1934-இல் மேட்டூரில் அணை எழுந்த பின்னர், ஒகேனக்கல்லைக் கடந்த வெள்ளம் அவ்வணையிலே நின்று, அளந்து விடப்பட்டே கீழிறங்குகின்றது. மேலையூரிலுள்ள கடைசிக் கதவணையைத் தாண்டிக் கடலிற் புகும் நீர், புகார் என்னும் பெயருக்குப் பொருள் கூறும் அளவினதே.

சோழப் பேரரசர் காலத்தே கடல் வாணிகம் தெற்கேயுள்ள நாகப்பட்டினத்திற் பெருகியது. கடாரத்து அரசர் எடுப்பித்த சூடாமணி விகாரத்திற்கு முதலாம் இராசராசன் ஆனைமங்கலத்தை அளித்தமையை லைடன் செப்பேடுகள் கூறும். வலையில் அகப்படும் மீன்களுள் ஒன்றைச் சிவபெருமானுக்கென்று நாடோறும் கடலில் விடுத்து, ஒரு மீனே கிடைத்த நாளில் அதனையும் விடுத்துப் பட்டினி கிடந்த அதிபத்த நாயனார் அவ்வூர் நுளைப்பாடியினர். அவ்வரலாறு தனியே எழுதற்குரியது.

புகாரின் வணிகர் தெருக்கள் போயினும், அத்தெருக்களில் வாழ்ந்த ஒருவரது வரலாறு போகவில்லை. அவர் இயற்பகை நாயனார். சுந்தரமூர்த்தி சுவாமிகள் திருத்தொண்டத் தொகையிலே அவரைப் போற்றினார்கள். 12-ஆம் நூற்றாண்டிலே சேக்கிழார் பெருமான் அவர் வரலாற்றை விரித்தருளினார். பட்டினத்து வணிகர் குலத்திலே பிறந்து பெருஞ்செல்வராய் விளங்கிய அவர், அடியார் வேண்டியது எதனையும் இல்லையென்னாது கொடுப்பவர். ஒருநாள் வேதியர் ஒருவர் வந்து, 'உமது மனைவியை விரும்பி வந்தோம்' என்றார். என்னிடம் உள்ளதையே கேட்டீர் என மகிழ்ந்த நாயனார், உள்ளே சென்று மனைவியாருக்கு அறிவித்தார். அவ்வம்மையார் முதலிற் கலங்கினார். பின்னர்த் தெளிந்து உடன்பட்டார். வேதியர் அம்மையாரோடு ஊரைக் கடக்கும்வரை சுற்றத்தார்க்கு அஞ்சித் துணை வேண்ட, நாயனார் வாளும் பலகையும் ஏந்தி உடன் சென்றார்.

இச்செயல் இக்காலத்தார்க்கு ஒவ்வாததாகத் தோன்றும். இக்காலத்தார்க்கு மட்டுமன்று, அக்காலத்தார்க்கும் ஒவ்வவில்லை. அதனைச் சேக்கிழார் மறைக்கவுமில்லை. சுற்றத்தார் திரண்டு வந்து, 'உலகம் நகும், பகைவரும் எள்ளுவர், பழிக்கு நாணாயோ' என்று இடித்துரைத்து வழிமறித்ததையும், நாயனார் தம் உறவினரையே எதிர்த்துப் பொருததையும், உறவினர் உடல்கள் வீழ்ந்ததையும் அவர் விரிவாகவே கூறுகின்றார். இயற்பகை என்னும் பெயரே உலக இயல்பிற்குப் பகையானவர் எனப் பொருள் தருவது. ஆதலின், இல்லறத்தார் எல்லாரும் பின்பற்றற்குரிய நெறியாக இதனைச் சேக்கிழார் வைத்தனர் என்று கொள்வது தவறு. எனது என்னும் பற்று எதனையும் எஞ்சவையாத ஒரு வணிகரை, எதற்கும் விலையும் உரிமையும் கணக்கிடும் துறைமுகத்தின் நடுவே காட்டியதே அப்பெருமான் செய்தது. அம்மையாரின் உடன்பாட்டை ஓரிரு சொற்களிலே கடந்து செல்வோர் பலர்; தமக்கு நேர்ந்த கலக்கத்தைத் தாமே வென்ற அவரது நிலை நாயனாரது வாட்போரினும் அரியது என்னலாம்.

அவர்கள் நடந்த வழி திருச்சாய்க்காட்டிற் சென்று முடிந்தது. 'இனி மீள்க' என்று வேதியர் கூற, நாயனார் திரும்பிப் பாராமல் மீண்டார். சிறிது சென்றதும் 'இயற்பகையே, ஓலம்' என்னும் குரல் கேட்டது. இன்னும் எவரேனும் தடுத்தனரோ என்று வாளை வீசிக்கொண்டு ஓடிவந்தவர், வேதியரைக் காணவில்லை. மனைவியாரை மாத்திரம் கண்டார். வானத்திலே இடபத்தின்மேல் அம்மையப்பரைக் கண்டார். பட்டினத்திலிருந்து சாய்க்காடு இரண்டு கல் அளவே. அவ்வழி முழுதும் அக்காலத்தே ஊரின் எல்லைப்புறமாய் இருந்தமை சேக்கிழார் வாக்கால் விளங்கும். 12-ஆம் நூற்றாண்டிற் பாடிய அவர் இவ்விடங்களை மயக்கமின்றிக் குறித்தமையால், நகர் சுருங்கிய பின்னரும் அதன் நிலக்கிடக்கை மக்கள் நினைவில் நின்றது எனலாம்.

பதினோராம் திருமுறையிலே ஐந்து பிரபந்தங்களை அருளிய திருவெண்காட்டடிகளும் இவ்வூர் வணிகர். பட்டினத்துப்பிள்ளையார் என்னும் திருப்பெயரே, பட்டினம் என்றால் இதுவே எனத் தமிழர் கொண்டமையைக் காட்டும். கடல் வாணிகஞ் செய்து பொருள் குவித்த அவரை, காதில்லாத ஊசி ஒன்றும் ஓலைநறுக்கும் துறவியாக்கின என்பது கன்னபரம்பரை. அவரைப் பத்தாம் நூற்றாண்டினர் என்பர். சித்தர் பாடல்களோடு வழங்கும் பிற்பட்ட பாடல்கள் வேறொரு பட்டினத்தாருடையன என அறிஞர் பிரித்துக் காட்டுவர். நடையை நோக்கின் அதுவே பொருத்தம். எவ்வாறாயினும், கலம் ஏறிய வணிகர் ஒருவர் 10-ஆம் நூற்றாண்டிலே இப்பட்டினத்தின் பெயரால் அழைக்கப்பட்டார் என்பது, கடல்கோளோடு ஊர் ஒழிந்தது என்பாரை மீண்டும் மறுக்கின்றது.

பல்லவனீச்சரத்திலே பட்டினத்தடிகளுக்கு இன்றும் திருவிழா எடுக்கப்படுகின்றது. கோச்செங்கட்சோழ நாயனார் கட்டிய மாடக்கோயில்களுள் ஒன்றெனப் போற்றப்படும் சாய்க்காட்டிலே சாயாவனேசுவரரும் குயிலினும் இன்மொழியம்மையும் எழுந்தருளியுள்ளனர். வில்லேந்திய முருகப்பெருமானது செப்புத் திருமேனி ஒன்றும் ஆண்டு உளது; அது கடலிலிருந்து கிடைத்ததென்று ஊரார் கூறுவர். ஆடி அமாவாசை நாளிலே சுற்றுப்புறத்து ஊர்களிலிருந்து வருவோர் சங்கமத் துறையில் நீராடி, முன்னோர்க்கு நீர்க்கடன் செலுத்துகின்றனர். மேட்டூரிலே நீர் திறந்திருப்பின் ஆற்று நீரும் கடல் நீரும் கலந்து வரும். இல்லையேல் கடல் நீரே உளது.